தொட்டித் தண்ணீர்

3 டிசம்பர் 1937, வெள்ளி

காலையில் கடும் பனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. கரண்டு பில் வந்தது. போன மாதத்தைப் போல இரண்டு பங்கு. அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், மறுபடி முன்பக்கம். பின்னால் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. குளியலறைச் சுவரில் இருக்கிற ஹீட்டர். எங்களுக்கு முன் இந்த மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. மாடியில் விறகு எரித்தால் சுவர் கறுத்துவிடும், கூடவே கூடாது என்று வீட்டுக்காரம்மா வந்த அன்றே சொல்லிவிட்டார். சமையல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். வெந்நீருக்குக் கரண்டுதான். குளிர் ஆரம்பித்ததிலிருந்து ஹீட்டரை அணைக்கவே இல்லை, போட்டது போட்டபடி.

"மூணு பேரு குளிக்க இவ்ளோவா? எஸ்தரு, நீ டீச்சருதானே, சொல்லு."

"வேணும்போது போட்டு, அப்புறம் அணைக்கணும் அண்ணா. அவ்ளோதான்."

அவ்வளவு சுலபமானது அவருக்குப் பிடிக்காது. பில்லை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனார். முகம் கல்யாணத்தில் பந்தி கிடைக்காதவர் முகம்.

வாங்க: சிவப்பு மை, சட்டைக்கு நீலம், அண்ணிக்கு வலித் தைலம்.

5 ஞாயிறு

கோயிலில் நல்ல கூட்டம். பிரசங்கம் நீளம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அண்ணன் திட்டத்தை அறிவித்தார். அவருடைய ஆபீஸ் துரை சொன்னாராம்: சீமையில் ஒரு தொட்டித் தண்ணீரில் குடும்பமே ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்களாம். இனி இந்த வீட்டிலும் அப்படியே. காலையில் ஒரு தொட்டி வெந்நீர். முதலில் அவர், பிறகு அண்ணி, பிறகு நான். அதே தண்ணீரில்.

முதலில் தமாஷ் என்று நினைத்தேன்.

"உங்க அழுக்குத் தண்ணியில நாங்க குளிக்கணுமா?"

"என்ன அழுக்கு? நான் என்ன கரிமூட்டையா தூக்கறேன்? உக்காந்து எழுதறவன்."

"கலீஜு அண்ணா."

"துரைங்க செஞ்சா நாகரிகம். நான் சொன்னா கலீஜா?"

அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் வந்தால் அவள் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும், கையை மூட முடியாது. வெந்நீர் ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். ஒரு பல் உரிக்க எவ்வளவு நேரம். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

7 செவ்வாய்

தொட்டியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சாம்பல் நிறத் தண்ணீர். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக. ஓரத்தில் சோப்பு ஏடு. க்ஷவரம் செய்துகொண்ட தாடைமயிர், கறுப்பும் வெள்ளையும், தொட்டியின் தகரத்தில் ஒட்டிக்கொண்டு. கை வைக்காமலே குமட்டியது. குழாயிலிருந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். பற்கள் அடித்துக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு இறங்கவில்லை. தயிர்சாதத்தின் மேல் தெளிந்து நின்ற நீரைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன்.

அண்ணியும் என்னைப் போலத்தான் சமாளித்திருப்பாள் என்று எண்ணியிருந்தேன். சாயங்காலம் கேட்டேன்.

"நீங்களும் பச்சத்தண்ணிதானே அண்ணி?"

"பச்சத்தண்ணி பட்டா வெரலு மடங்க மாட்டேங்குது, எஸ்தர். அதுலயேதான் குளிச்சேன்." என் பக்கம் திரும்பாமலே, "கண்ண மூடிக்கிட்டேன்."



8 புதன்

இன்று சீக்கிரம் வந்துவிட்டேன். ஹீட்டரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். காலையிலேயே அணைத்தது, அதன் உடம்பு இன்னும் வெதுவெது. அதாவது நாங்கள் இத்தனை நாள் காசு கொடுத்துச் சூடாக்கியது குளியலறைச் சுவரை. வெந்நீர்க் குழாய் வேறு சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. அதுவும் கரண்டுதானே, சாக்கடையில் போகிற கரண்டு.

அண்ணியும் நானும் பஞ்சு வைத்துத் தைத்த கிழிந்த ரஜாய்ப் போர்வை ஒன்றை எடுத்து ஹீட்டரைச் சுற்றிக் கட்டினோம். அடியில் ஒயர் போகிற இடத்தை மட்டும் திறந்து விட்டோம். முடிச்சுப் போடும்போது அண்ணிக்கு விரல் ஒத்துழைக்கவில்லை, பல்லால் இழுத்தாள். "குண்டு மனுஷன் போர்த்திக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பு. குழாய்க்காரரை வரவழைத்துக் குழாயின் தேய்ந்த தோல் வாஷரை மாற்றினோம். ஒழுகல் நின்றது.

9 வியாழன்

ஹீட்டரை விடியற்காலையில் சிறிது நேரமே போட்டோம். மூன்று பேருக்கும் தனித்தனியாக ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் வரும், மிஞ்சவும் மிஞ்சும். அண்ணனிடம் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். ரஜாயைத் தடவிப் பார்த்தார். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார்.

"அப்ப தொட்டி வேணாம்தானே?"

"ஏன் வேணாம்? இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். ரெண்டும் சேந்தா இன்னும் மிச்சம்."

சீ.

சிக்கனம் இல்லை இது. காசுக்குப் பயந்தவர் என்றுதான் நினைத்துவந்தேன். நாங்கள் அவருக்குப் பிறகு அவர் தண்ணீரில் இறங்குவது அவருக்கு வேண்டியிருக்கிறது. அது ருசித்துவிட்டது.

11 சனி

அண்ணனுக்கு எண்ணெய்க் குளியல் நாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், சீயக்காய். அண்ணிதான் முதுகு தேய்த்தாள், அந்தக் கையால். பிறகு அதே தொட்டியில் அவள்.

வெயிலில் நின்று தலை துவட்டினாள். காயவே இல்லை. கூந்தல் பிசுபிசுவென்று கயிறு கயிறாக, நடுவில் சீயக்காய்ப் பொடி. கிட்டப் போனால் அண்ணனின் வாடை. நான் ஸ்டவ்வில் ஒரு கெட்டில் தண்ணீர் வைத்தேன், அவள் தலைக்கு. அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மண்ணெண்ணெய் என்ன, மரத்துலயா காய்க்குது?"

அண்ணியே வந்து ஸ்டவ்வை அணைத்தாள். "வுடு எஸ்தர்" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம்.

நாளை போதகர் ஐயாவும் அம்மாவும் காப்பிக்கு வருகிறார்கள். கேக்குக்கு முட்டை சொல்ல வேண்டும். மேஜை விரிப்புக்குக் கஞ்சி.

12 ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

போதகர் ஐயா விலைவாசியைப் பற்றிப் பேச்செடுத்தார். அண்ணனுக்கு அது போதும். ஹீட்டர், பில், ஆபீஸ் துரை, சீமை வழக்கம், எல்லாம் வந்தது. ரஜாய் கட்டியதுகூட அவர் யோசனையாகிவிட்டது. 

போதகர் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒரே தொட்டின்னா? தண்ணி மாத்துவீங்கல்ல?"

"மாத்தினா என்ன மிச்சம்மா? நான் குளிச்சு எழுந்திருச்ச சூட்டோட இவ எறங்கிடணும். அதான் சூட்சுமம்."

அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். போதகர் ஐயா தொண்டையைச் செருமினார். கேக்குத் தட்டோடு அண்ணி வந்துகொண்டிருந்தாள். அண்ணன் அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"கேட்டுப் பாருங்க. ஏம்மா, உனக்கு ஏதாச்சும் கஷ்டமா?"

அண்ணி தட்டை மேஜையில் வைத்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, குனிந்து, தலையைப் போதகர் அம்மாவிடம் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. இது நான் வெச்ச எண்ணெய் இல்ல. நேத்து இவரு முதுகுல நான் தேச்சது."

அம்மா தொடவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எழுந்து அண்ணியின் தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். எண்ணெய் படட்டும் என்று.

யாரும் கேக் சாப்பிடவில்லை. போதகர் ஐயா ஜெபம் செய்தார், மிகச் சின்ன ஜெபம். ஜட்கா வண்டியில் ஏறும்போது அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை: "வேணாம் தம்பி."

13 திங்கள்

 அண்ணன் காலையில் ஹீட்டரின் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார். "மானம்தான் போச்சே. இனிமே யாருக்கும் சுடுதண்ணி கெடையாது. எனக்கும் வேணாம்." தானும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார், எங்களுக்குக் கேட்கும்படி முனகிக்கொண்டு.

அண்ணி துணியை ஈரமாக்கி உடம்பைத் துடைத்துக்கொண்டாள். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி. காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

14 செவ்வாய்

அண்ணனுக்கு ஜலதோஷம். துடைத்த கைக்குட்டையை நாற்காலிக் கையில் காயப் போட்டிருக்கிறார், சோப்பு மிச்சம் பிடிக்க. அதை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டேன்.

ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் குடிச்சு அழிச்சேனா, சீட்டாடினேனா? சேத்துதானே வெச்சேன்."

"யாருக்கு அண்ணா?"

 கொஞ்சம் பாவமாக இருந்தது, உண்மைதான். மூக்கை வேட்டி நுனியில் துடைத்தார். பாவம் போய்விட்டது.

15 புதன்

பனி விலகவில்லை. அண்ணன் ஆபீஸுக்குப் புறப்பட்டுக் கோட்டு போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். அண்ணி சட்னி போட வந்தாள். கிண்ணத்தை வைத்தாள். வைத்த கையை அப்படியே அவருடைய கோட்டுப் பைக்குள் விட்டாள். சாவி, பொடி டப்பி, பில், ஒவ்வொன்றாக மேஜை மேல். கடைசியாக ஃபியூஸ். வீங்கிய விரலில் அது இரண்டு முறை வழுக்கியது. அண்ணன் வாயில் இட்லியோடு பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

"எஸ்தர், இத மாட்டு" என்றாள் என்னிடம்.

மாட்டினேன்.

தண்ணீர் சுடும்வரை அவள் குளியலறை வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள். வாளி நிறைகிற சத்தம். செம்பு செம்பாக ஊற்றுகிற சத்தம். ஆவி கதவுக்கு அடியில் வந்தது.

அண்ணன் ஆபீஸ் போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டோடு வந்து கதவைத் தட்டினார். தும்மினார்.

"ஜலதோஷம்டீ. எனக்கும் கொஞ்சம் சுடுதண்ணி வேணும்."

"குளிச்சிட்டிருக்கேன்."

"எவ்ளோ நேரம்?"

பதிலுக்கு ஒரு செம்புத் தண்ணீர். இன்னொரு செம்பு.

என் துண்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றேன்.