தொட்டி மூடிமேல் கிடைத்த பாறை

பிப்ரவரி 9

இன்றும் காய்ந்த பொட்டலம்தான் சாப்பாடு. மேலே ‘காய்கறிக் கலவை’ என்று அச்சடித்திருக்கிறது. அச்சடித்தவர் தின்று பார்த்திருக்க மாட்டார்.

அம்மாவிடமிருந்து செய்தி. “செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்துட்டியா, இன்னும் வழியிலதான் இருக்கியா?” எத்தனை தடவை சொல்வது? இது பாலைவனத்தில் போட்ட தகரக் கூண்டு. இதைச் செவ்வாய்க் கிரகம் என்று கேப்டன், டாக்டர், எலெக்ட்ரீஷியன், நான் ஆகிய நான்கு பேரும் மார்ச் கடைசிவரை நம்ப வேண்டும், அவ்வளவுதான். வெளியே போக விண்வெளி உடுப்பு, தலைக்கவசம். அதற்கு முன் இரண்டு கதவுகளுக்கு நடுவில் உள்ள காற்றறையில் ஐந்து நிமிடம் நின்று, அழுத்தம் சமமாவதாகப் பாவனை. கட்டுப்பாட்டு அறைக்கு நாங்கள் எழுதுவது இருபது நிமிடம் கழித்துத்தான் அவர்கள் கண்ணில் படும். செவ்வாய் அவ்வளவு தூரமாம். அவர்கள் உட்கார்ந்திருப்பது மலைக்கு அந்தப் பக்கம்.

மதியம் கல் பொறுக்கினேன். நிலவியல்காரிக்கு வேறென்ன வேலை? கூண்டுக்குப் பின்னால் வட்டமாக, தட்டையாக ஓர் இடம் அகப்பட்டது. எல்லாக் கற்களையும் அதன்மேல் அழகாக அடுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 12

கேப்டனோடு சண்டை. காற்றறையில் நான் நாலே நிமிடம்தான் நின்றேனாம்.

“செத்திருப்பீங்க.”

“சாகலையே சார்.”

“அறிக்கையில செத்ததாத்தான் எழுதணும்.”

எழுதியும் விட்டார். சாயங்காலம்வரை நான் செத்தவள். யாரும் என்னோடு பேசக்கூடாது. பாத்திரம் மட்டும் கழுவலாமாம்! மனுஷன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பிப்ரவரி 17

கழிவறை நாறுகிறது.

பிப்ரவரி 18

எலெக்ட்ரீஷியன் கண்டுபிடித்துவிட்டான். நாங்கள் வந்த நாளிலிருந்தே கழிவறைக் குழாய் ஒழுகி, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. “நாளைக்கு வரைக்கும் தாங்கும்க்கா. அப்புறம் எல்லாம் உள்ள வரும்” என்றான். உள்ளே வந்தால் பயணம் ரத்து. எல்லோரும் வீட்டுக்கு.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். வீட்டுச் சாப்பாடு! ஆனால் சமையல் மேடைப் பக்கம் கேப்டன் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: “இது எனக்கு மூணாவது தடவைம்மா. முதல் தடவை ஜெனரேட்டர் போச்சு. ரெண்டாவது தடவை ஒருத்தன் சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், எடுக்க மாட்டாங்க. இந்தத் தடவையும் பாதியில போய் நின்னா எங்க வீட்டுக்காரி கதவத் திறக்க மாட்டா.”

நானே டீ போட்டுக் கொடுத்தேன். என்னைச் சாகடித்த ஆளுக்கு!

கட்டுப்பாட்டு அறையின் பதில்: ‘நாளை கழிவுநீர் லாரி வரும். செவ்வாயில் லாரி கிடையாது. ஆகவே வெளியே கேட்பதைப் புழுதிப் புயலாகக் கொள்ளவும். வெளியாளிடம் ஒரு வார்த்தை பேசினாலும் பயணம் ரத்து.’

பிப்ரவரி 19

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காலையில் புயல் வந்து கதவைத் தட்டியது. “யாருங்க உள்ள? டேங்க் மூடி எங்கங்க இருக்கு?”

பதில் சொன்னால் பயணம் ரத்து. லாரிக்காரர் கூண்டை ஒரு சுற்று சுற்றினார். பிறகு யாருக்கோ போன். “மூடியே இல்லண்ணே. பின்னாடி ஒரு கல்லுக் குவியல்தான் கெடக்கு. நான் கெளம்பறேன்.”

கல்லுக் குவியல். வட்டமாக, தட்டையாக... ஐயோ.

“சார், மூடி மேலதான் கல்ல அடுக்கி வச்சிருக்கேன்” என்றேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கேப்டன் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, “இன்னிக்கு நமக்குக் கல் பொறுக்குற வேலை பாக்கி இருக்கில்ல?” என்றார்.

அடித்துப் பிடித்து உடுப்பை மாட்டினோம். காற்றறைக்குள் நின்றோம். வெளியே லாரி எஞ்சின் உறுமியது.

“சார், போயிடுவாரு சார்!”

“இன்னும் மூணு நிமிஷம்.”

“சார்!”

“சாகணுமா?”

வெளிக் கதவு திறந்தபோது அவர் வண்டியில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தார். அந்தக் கால் அப்படியே நின்றது. நான்கு பேர் விண்வெளி உடுப்பில் வரிசையாக, மெல்ல மெல்ல, அவரைப் பார்க்காமலே போகிறோம். ஒவ்வொரு கல்லாக எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, தள்ளி வைக்கிறோம். மூடி தெரிந்ததும் கேப்டன் அதைச் சுத்தியலால் தட்டி, “நல்ல பாறை” என்றார். என்னிடம்தான் சொன்னார். என்னிடம் பேசத் தடையில்லை. பிறகு அதே வரிசையில் திரும்பி வந்தோம்.

புயல் அரை மணி நேரம் அடித்தது. குறிப்பேட்டில் கேப்டன், ‘கடும் புழுதி, டீசல் வாடையுடன்’ என்று எழுதினார். போகும்போது லாரிக்காரர் போனில் சொன்னது காதில் விழுந்தது: “பாவம்ணே, நாலு பேருக்கும் புத்தி கலங்கிடுச்சு போல. சோறாவது போடறாங்களோ என்னவோ.” பின்னாலேயே தொப்பென்று ஒரு சத்தம்.

பிப்ரவரி 20

மூடிமேல் ஒரு தர்பூசணி.

வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஜன்னல் வழியாக நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன் உடுப்பை மாட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிடம் போக, ஐந்து நிமிடம் வர. அறிக்கையையும் அவரே எழுதினார்:

‘உருண்டைப் பாறை ஒன்று கிடைத்தது. மேற்பரப்பு பச்சை, கரும்பச்சை வரிகள். உட்புறம் சிவப்பு, ஈரம் மிகுதி. கருப்புத் துகள்கள் பரவலாக உள்ளன.’

வெட்டி முதல் துண்டை என்னிடம் நீட்டினார். “செத்தவங்களுக்கு முதல்ல.”

மனுஷன் சிரித்தார்! எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. பழம் அவ்வளவு இனிப்பு.

பிப்ரவரி 21

கட்டுப்பாட்டு அறை: ‘அரிய கண்டுபிடிப்பு. மாதிரியைப் பத்திரப்படுத்தவும்.’

கேப்டன்: ‘ஆய்வின்போது மாதிரி முழுவதும் செலவாகிவிட்டது.’

மிஞ்சிய துகள்களை எடுத்த இடத்திலேயே சேர்ப்பதுதான் விதியாம். மூடி ஓரத்து ஈரமண்ணில் அவரே புதைத்துவிட்டு வந்தார்.

மார்ச் 3

முளை விட்டிருக்கிறது. இரண்டு இலை. கேப்டன் தினமும் ‘மண் ஈரப்பத ஆய்வு’க்குப் போகிறார், தன் குடிதண்ணீர்ப் பாட்டிலோடு.

மார்ச் 31

முடிந்தது. முழுசாக முடித்துவிட்டோம்.

வெளிக் கதவைத் திறக்க யாரோ வருவார்கள் என்றார்கள். வந்தது கேப்டனின் மனைவி. தாழ்ப்பாளில் கை வைத்தவரைக் கேப்டன் உள்ளிருந்தே தடுத்தார்: “அஞ்சு நிமிஷம் இரும்மா, அழுத்தம் சமமாகணும்.” அந்த அம்மா வெயிலில் நின்றார். அப்புறம் திறந்தார்.

நாங்கள் எங்களுக்காக நின்ற காரை நோக்கி ஓடினோம். கேப்டன் மட்டும் மனைவியின் கையைப் பிடித்துக் கூண்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“இத்தன நாள் கழிச்சு செப்டிக் டேங்க்கையா காட்டறீங்க?” என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. பாதியில் திரும்பினேன். எட்டிப் பார்த்தேன். இருவரும் குனிந்து, கொடியில் பூத்திருந்த மஞ்சள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.