சுடர்விழிக்கு எழும்பிய தடிப்பு

சாரம், புதுச்சேரி
வியாழக்கிழமை

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. உன் மகள் சுடர்விழி நன்றாக இருக்கிறாள், இதை முதலில் படித்துக்கொள், மற்றதைப் பிறகு படி. நானும் அப்பாவும் நலம். கத்தாரில் வெயில் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால் கடிதமாக எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதற்குள்ளேயே இரண்டு முறை எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன், உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாத ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது, முகத்திலும் மார்பிலும் சிவப்பாகத் தடித்தது. அம்மை போட்டிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். வாசலில் வேப்பிலை செருகி, குளிப்பாட்டக் கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியே தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உனக்குப் போட்டோ அனுப்பியதும் நான்தான். "யாரக் கேட்டு ஊசி போட்ட, இனிமே எதுவும் வேணாம்" என்று நீ பூர்ணிமாவிடம் கத்தினாய், அன்றிலிருந்து பெண்டாட்டியோடு பேசவும் இல்லை.

மறுநாள் மாரியம்மனுக்குப் பூ வாங்க நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் டாக்டரிடம் போய்விட்டாள். அம்மன் வீட்டில் இருக்கும்போது படி தாண்டினாளே என்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தட்டம்மை ஊசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி வரும், இது அம்மை இல்லை, இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும், குளிப்பாட்டுங்கள், வழக்கம்போல ஊட்டுங்கள், காய்ச்சல் ஏறினால், குழந்தை சோர்ந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றாராம் டாக்டர். நான் நம்பவில்லை. ஆனால் அப்படியேதான் ஆயிற்று. நேற்று முதல் தோல் சுத்தமாக இருக்கிறது, பருப்புச் சோற்றுக்குத் தட்டைப் பிடித்து இழுக்கிறாள்.

என் மனசுதான் அடங்க மாட்டேன் என்கிறது. பூர்ணிமா எல்லா வேலையும் செய்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், சோற்றில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை.

மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. டியூட்டி முடிந்ததும் முதல் போன் அவளுக்குப் போடு, எனக்கு வேண்டாம். ஒன்றரை வயது ஊசிக்குப் பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போவேன். இது உன்னைக் கேட்பது இல்லை, உனக்குச் சொல்வது.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலட்சுமி