இடப்பக்கத்துச் சத்தம்

தஞ்சாவூர்
புரட்டாசி கடைசி சனிக்கிழமை

அன்புள்ள முகுந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கும் மாளவிகாவுக்கும் குழந்தை பரிதிக்கும் என் ஆசிகள். கூரியரில் அம்மாவின் கடிதமா என்று பயந்துவிடாதே. யாரும் படுத்த படுக்கையாக இல்லை. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், எனக்கு வரும் மெசேஜையெல்லாம் அவர்தான் முதலில் படித்து எனக்குச் செய்தி வாசிக்கிறார். அதனால்தான் பேப்பரும் பேனாவும், உன் ஆபீஸ் விலாசமும். அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன்.

குறுவை அறுவடை ஆரம்பித்துவிட்டது. ஊரைத் தாண்டினால் ரோட்டில் பாதி நெல்தான். மழை வந்துவிடுமோ என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி காயப்போட்டிருக்கிறார்கள். கொலுவை இந்த வருஷம் ஐந்து படியோடு நிறுத்திக்கொண்டேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. மாளவிகா அனுப்பிய பொம்மை செட் உடையாமல் வந்து சேர்ந்தது, அவளிடம் சொல்லிவிடு. பக்கத்து வீட்டு ஆனந்தம் மாமி அதைப் பார்த்துவிட்டு விலை என்ன என்று மூன்று தரம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், நம்பவில்லை.

இனி கார் விஷயம். திரும்பவும் காரா என்று நீ அங்கே சலித்துக்கொள்வது எனக்கு இங்கே கேட்கிறது. இருந்தாலும் கடைசி வரை படி.

நம் காருக்கு இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. பக்கத்தில் ஏதாவது நெருங்கினால் உள்ளே டிங் டிங் என்று கத்தும். போன சித்திரையிலிருந்து அது வேண்டாத நேரத்தில் கத்துகிறது என்பதுதான் அப்பாவின் புகார். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை, காலி ரோடு, ஆனாலும் கத்துகிறது என்றார். எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறதே, விடுவாரா? திருச்சி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் விட்டார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்பா மெயில் மேல் மெயில் போட்டார். வாழ்நாள் முழுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து நசுங்கின காரையெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எது கிடைக்கும் எது கிடைக்காது என்று எழுதின மனிதர். இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நுகர்வோர் கமிஷனுக்குப் போவேன் என்று ஒரு வரி எழுதினார். புது சென்சார் வாரண்டியிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் பால் பாயசம் வைக்கச் சொன்னார்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த சர்வீஸ் சென்டர் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஏசி ஹால், சோபா, மெஷின் காபி. பில்லில் இதுவும் ஒளிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நானும் குடிப்பேன். அங்கே வருகிற எல்லாருக்கும் ஒரு அழுகை இருக்கும். கும்பகோணத்து டாக்டர் ஒருவர், காருக்குள் எலி புகுந்து ஒயரைக் கடித்துவிட்டது, வாரண்டி கிடையாது என்கிறார்கள் என்று புலம்பினார். அப்பா அவருடைய பாலிசியை வாங்கிப் படித்து, வாரண்டியில்தான் எலி இல்லை, இன்ஷூரன்ஸில் எலி உண்டு, இந்த வரியைக் காட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். டாக்டருக்குப் பணம் வந்தது, இவருக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வந்தது. ரிடையர் ஆனதற்கப்புறம் அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டு கூடவே போய் வந்தேன்.

புது சென்சார் போட்டுக்கொண்டு திரும்பி வந்த நாள்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஹைவேயில் வராமல் பூதலூர் வழியாக வந்தோம். பழைய ரோடு, இரண்டு பக்கமும் வயல், அவருக்கு அதில் வருவதுதான் இஷ்டம். பூதலூருக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி டிங் டிங். பாத்தியா, புதுசும் கத்தறது, அங்க ஒண்ணுமே இல்ல என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். நான் இடது சீட்டில் இருந்தேன், முகுந்த். என் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். காயப்போட்ட நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து, அப்படியே உறைந்து நின்றாள். தலையில் பச்சைத் துண்டு. கையை நீட்டினால் தொட்டிருப்பேன். அவள் புடவையில் காரின் காற்று அடித்ததைப் பார்த்தேன். இவர் நேராகப் பார்த்தபடி, மெயிலில் என்ன எழுதலாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். காபி டம்ளரை அவருக்கு இடப்பக்கம் வைத்தால், இன்னும் வரலையா என்று கேட்கிறார். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். ஆனால் பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் மணி மணியாகப் படிக்கிறார். கண்ணுக்கு என்ன குறை என்று யார் நினைப்பார்கள்? லைசன்ஸ் புதுப்பிக்கச் சர்டிபிகேட் வேண்டும் என்று சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் அந்த ரூமிலேயே இருந்தேன். கண்ணில் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை பெருமளவு போய்விட்டது, நேர்ப் பார்வை மட்டும் நன்றாக இருக்கிறது, போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றார் டாக்டர். இனி வண்டி ஓட்டாதீங்க சார் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்து என்னிடம், அது அவா தங்களைக் காப்பாத்திக்கறதுக்காகச் சொல்ற நிபந்தனை, எல்லார்கிட்டயும் சொல்லுவா என்றார். சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தேன். அவர் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பச்சைத் துண்டுக்காரியைப் பற்றிச் சொல்லி அழுதேன். நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி என்று எழுந்து போய்விட்டார்.

போன வாரம் மறுபடியும் புகார். இந்தத் தடவை அவர் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்று நானே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, அவர்கள் டிரைவரையே அனுப்பிக் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நாங்கள் ரயிலில் போனோம். ஃபாஜில் என்று அங்கே ஒரு பையன், நம் காரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சார் ஓட்டும்போது எப்படிக் கத்துகிறது என்று பார்க்க, அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். திரும்பி வரும்போது ஃபாஜிலின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அப்பா மேனேஜர் ரூமுக்குள் போனதும் என்னிடம் வந்து, அம்மா, சென்சார் கரெக்டாத்தாங்க இருக்கு, பழசும் கரெக்டாத்தான் இருந்துச்சு என்றார். எனக்குத் தெரியும்ப்பா என்றேன்.

உள்ளே அப்பா கேட்டது என்ன தெரியுமா? உங்களால் ரிப்பேர் செய்ய முடியாவிட்டால் அந்தச் சத்தத்தையே நிறுத்திக் கொடுங்கள் என்று. ஃபாஜில் சொன்னார், அதை நிறுத்தச் சர்வீஸ் சென்டரே வேண்டாமாம். ஸ்கிரீனில் ஒரு இடத்தில் தொட்டால் நின்றுவிடுமாம், காரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம். நல்லவேளை, சாருக்கு அது இன்னும் கண்ணில் படவில்லை என்றார். காரை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவரும் பாவம், வேலைக்கு இருக்கிற பிள்ளை. ஒரு பார்ட் வரவேண்டும் என்று சொல்லி வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளியிருக்கிறார். அதற்கு மேல் தாமதித்தால் உன் அப்பா டில்லிக்கே எழுதிவிடுவார்.

அன்று ரயிலில் திரும்பினோம். பூதலூரில் வண்டி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, அன்னிக்கு அந்தப் பொண்ணு நிஜமாவே அங்க நின்னாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய கையை அவர் தலையைத் திருப்பித்தான் பார்த்தார். ஆனால் மறுநாள் காலையில் எழுந்ததும் ஃபாஜிலுக்குப் போன் செய்து, சத்தத்தை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும், முகுந்த். தெரிந்ததை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு கௌரவமான வழி வேண்டும். டாக்டர் சொன்னதால் ஓட்டுவதை விட்டேன், பெண்டாட்டி அழுததால் விட்டேன் என்று அவரால் இருக்க முடியாது. நாளெல்லாம் யோசித்ததில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அது உன்னிடம் இருக்கிறது.

அந்தக் காரை நீ அவரிடம் கேள்.

உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குடவாசல் நிலத்தை உன்னைக் கேட்காமல் விற்றார் என்று உனக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான், நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அந்தப் பணத்தில் கார் வந்த அன்றைக்கு, உன்னை ஸ்டேஷனில் விட வேண்டுமென்று சாவியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பென்ஷன் வாங்கற வயசுல எதுக்கு இந்தப் பகட்டு, உங்களோடது எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ ஆட்டோவில் ஏறிப் போனாய். அவர் காரில் ஏறி, ஸ்டார்ட் செய்யாமல், வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நீங்கள் வரும்போதெல்லாம் ஏர்போர்ட்டிலிருந்து டாக்சிதான். பரிதி பிறந்தபோது அவளுக்கென்று ஒரு குழந்தை சீட் வாங்கினார். இன்றைக்கும் அது டிக்கியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அதை எடுத்து வீட்டில் வைத்து, கார் வந்ததும் திரும்ப வைப்பார். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

நீ பொய் சொல்ல வேண்டாம். பரிதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஒரு கார் பார்த்துக்கொண்டிருப்பதாக மாளவிகாவே சொன்னாள். அப்பா, அந்தக் காரை எனக்குத் தருவேளா என்று மட்டும் கேள். கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. டாக்டர், அம்மா, கடிதம், எதுவும் உனக்குத் தெரியாது. அவரிடம் வந்து இது வேண்டும் என்று நீ கடைசியாகக் கேட்டது காலேஜுக்குப் போக சைக்கிள். அன்றைக்கே வாங்கி வந்தார், ஞாபகம் இருக்கிறதா? இதையும் கொடுத்துவிடுவார். ஓட்ட முடியாதவர் என்று ஆகாமல் பிள்ளைக்குக் கொடுத்தவர் என்று இருக்கட்டும்.

பாக்கி வாரண்டியை உன் பெயருக்கு மாற்றித் தரலாம் என்று ஃபாஜில் சொன்னார். அதைச் சாக்காக வைத்து அப்பா உனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். எலியிலிருந்து ஆரம்பிப்பார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். ஹைதராபாத்துக்குக் கொண்டுபோக ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்க வேண்டுமாமே, அந்த வேலையைத் தூக்கி அவர் தலையிலேயே போடு. தீபாவளி தாண்டியும் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். காபி மெஷின் இருக்காது என்பது ஒன்றுதான் குறை.

வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. பச்சைத் துண்டு கட்டின அந்தப் பெண் இப்போதும் அந்த ரோட்டில்தான் நெல் காயவைத்துக்கொண்டிருப்பாள். அவளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை டெலிவரி எடுக்க அப்பாவோடு நீயே திருச்சிக்குப் போ. சாவியை அவர் கையில்தான் கொடுப்பார்கள். அவர் உன்னிடம் கொடுக்கும்போது, அவருக்கு நேர் எதிரே நின்று வாங்கிக்கொள். பக்கத்தில் நின்று கையை நீட்டாதே, கண்ணா. உன் கை அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா