மூன்று மூலைக் கொடி

அனுப்பர்பாளையம்,
செப்டம்பர் 1996

அன்பு மகன் சனாவுல்லாவுக்கு அம்மா சைதுன்னிசா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே யார் உடம்புக்கும் குறைவில்லை, ஷார்ஜா வெயிலில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மனசு நலமா என்று மட்டும் கேட்காதே. உன் மேலும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலில் நம் வார்டு இந்த முறை பெண்களுக்கு என்றதும் கட்சிக் கிளையில் எல்லாரும் என் பெயரைத்தான் சொன்னார்கள். உனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து கட்சிக்குக் கொடி தைத்தவள் அல்லவா நான். அதற்குள் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கிற அந்தக் கட்சி தெருவுக்குத் தெரு பிள்ளையார் வைக்க ஆரம்பித்ததில் நம் பையன்கள் சிலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அந்தப் பயத்தில் கிளைச் செயலாளர் வெள்ளையன், சாமியே இல்லை என்று மேடையில் தொண்டை கிழியக் கத்திய அதே வெள்ளையன், நம் படிப்பகத்தில் பெஞ்சை ஒதுக்கிவிட்டு ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டான். அந்தக் கட்சிக்காரர்களோ தெருக்கோடியில் புதிதாகப் படிப்பகம் திறந்து, பனியன் கம்பெனித் தொழிலாளிக்குக் கூலி உயர்வு வேண்டும் என்று நம் பேச்சையே போர்டில் எழுதிப் போடுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், பக்கத்து வீட்டு வேலாத்தாள் கொழுக்கட்டை கொடுத்தால் வாங்கித் தின்கிறவள்தான் நான். ஓட்டுக்காகக் கும்பிடுவதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் வெள்ளையன் வந்து, ஊர்வலத்துக்குக் கொடியை அவர்களுடையதுபோல மூன்று மூலையாக வெட்டி, ஓரத்தில் காவி நாடா வைத்துத் தைத்துத் தரச் சொன்னான். முடியாது என்றேன். போகும்போது வாசலில் நின்று, "இந்தத் தடவ நீங்க நிக்க வேண்டாமுங்க அக்கா, உங்க பேரப் போட்டா அவிய நம்மளப் பாய்மாருக கட்சின்னு சொல்லிருவாங்க" என்றான். என் கையால் சோறு தின்ற வாய், சனா. என் கையில் இருந்த கத்தரியை முதலில் கீழே வைத்தேன், அப்புறம்தான் வெளியே போ என்றேன்.

கொடியை வேறு யாரிடமோ தைத்துக்கொண்டார்கள். ஊர்வலத்தன்று இரண்டு கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, புழுதி, கொட்டுச் சத்தம், எல்லாம் ஒரே மாதிரிக் கொடி. பஸ் ஸ்டாப் முக்கில் நம் இளைஞர் அணியில் பாதிப் பேர் முன்னால் போன கொடி நம்முடையது என்று நம்பி அதன் பின்னால் திரும்பி, அவர்கள் கோஷத்துக்குக் கூடவே கத்திக்கொண்டு குளம் வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே சுண்டலும் கொடுத்து மாலையும் போட்டார்களாம். பையன்கள் திரும்பி வரவில்லை, இப்போது அந்தப் படிப்பகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டு நன்றாகச் சிரித்தேன். மறுநாள் வெள்ளையன் வந்து, புது வேட்பாளருக்குப் பள்ளிவாசல் தெரு ஓட்டை நான் வாங்கித் தர வேண்டும் என்கிறான். வெட்கமில்லையா என்று கேட்டதற்கு, "தம்பியே போன்ல சொல்லிட்டாருங்க, காலஞ் சரியில்ல, அம்மாவ நிக்க உடாதீங்கன்னு" என்று பல்லைக் காட்டினான். என்னிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா கண்ணு? பயமாக இருந்தால் பயம் என்று எழுதியிருக்கலாம். அவனைப் போய்த் தூது விட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டேன், தையல் மிஷின் சின்னம் கேட்டிருக்கிறேன். வேலாத்தாள்தான் முன்மொழிந்தாள். தோற்றுப்போவாய் என்கிறார் உன் அத்தா, தோற்றால் தோற்கிறேன். இனி வெள்ளையனுக்குப் போன் செய்யாதே, செய்துதான் ஆக வேண்டும் என்றால் அவன் வீட்டு ஓட்டை எனக்குப் போடச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, அல்லாஹ் உன்னை நீண்ட ஆயுளோடு வைக்கட்டும். ராஜா முகமது அடுத்த வாரம் அங்கே வருகிறான், அவனிடம் ஊத்துக்குளி நெய் கொடுத்திருக்கிறேன். பாட்டிலை நீ விட்டுப்போன பழைய கட்சிக்கொடியில் சுற்றியிருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. நான் தைத்தது, நாலு மூலையும் அப்படியே இருக்கிறது.

உன் அம்மா
சைதுன்னிசா