சுரங்கத்துக்கு வந்த துரை

ரவுண்ட் ராக்,
மார்ச் 4, 2024

அன்புள்ள வான்மதி,

நலம்தானே? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தபால்.

நம் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை நீ திருத்தியதைப் படித்தேன். எரிச்சல் தாங்கவில்லை. 1825இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து மெக்சிகோ மலைக்கு வந்தவர்கள், வெள்ளிச் சுரங்கத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். கப்பலை விட்டு இறங்கிய கரையிலேயே பலர் காய்ச்சலில் செத்தார்கள். நீயோ பங்களா கட்டிக் கொடுத்து, கையில் சாட்டை கொடுத்து, துரை ஆக்கிவிட்டாய். வெள்ளைக்காரன் எங்கே போனாலும் நம் ஊருக்கு வந்தவன் மாதிரியேதான் இருக்க வேண்டுமா? அந்தச் சுரங்க ஊரான ரியல் டெல் மோன்டேயின் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு நாள் பனிமூட்டத்தில் நின்று ஒவ்வொரு பெயராக எழுதி வந்தவள் நான். முப்பது வயதைத் தாண்டாதவர்கள் எத்தனை பேர்!

அந்தச் சாட்டையை எடு. இல்லாவிட்டால் அட்டையிலிருந்து என் பெயரை எடு.

அன்புடன்,
நாகலக்ஷ்மி


சான் ரமோன்,
மார்ச் 15, 2024

என் அன்பு நாகுவுக்கு,

கோபம் தணிந்ததா? கல்லூரி ஹாஸ்டலிலிருந்தே நீ இப்படித்தான்.

இங்கே பக்கத்து ஊர் லிவர்மோர் கோயிலில் வசந்தாமணி ஆன்ட்டிக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். "சாட்டை சீன் சூப்பர்மா! அப்படியே விஷுவலைஸ் பண்ண முடியுது" என்றார். உன் கல்லறைப் பட்டியலுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டார். வாசகர்களுக்கு ஒரு வில்லன் வேண்டும், நாகு. உள்ளூர்க்காரர்களைவிட அவர்கள் கூடுதல் சம்பளம் வாங்கினார்கள் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன பாவம்?

மாதக் கடைசியில் சென்னை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். நீ கேட்ட இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறேன்.

உன்,
மதி


ரவுண்ட் ராக்,
ஜூன் 2, 2024

வான்மதிக்கு,

புத்தகம் வந்தது. அட்டையில் உன் பெயர் மட்டும். துரை சாட்டையோடு நிற்கிறார். என் கல்லறைப் பட்டியலும் நான் எழுதிய வரிசையிலேயே இருக்கிறது, யார் எழுதியது என்ற பேச்சே இல்லாமல்.

"நீதானே எடுக்கச் சொன்ன? இப்ப என்ன கம்ப்ளெயின்ட் பண்ற?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது நியாயம்தான்.

ஆனால் இருபத்தாறு வருடமாக என் கோபத்தைத் தெரிந்தவள் நீ. "போடி பைத்தியம், உன் பேரை எப்படி எடுப்பேன்?" என்று கூப்பிடுவாய் என்று மார்ச் கடைசிவரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருப்பேன்.

நாகலக்ஷ்மி