அடுப்புக்கு மேலே வைத்த கருமருந்து

அன்பு மதினிக்கு,

இந்த வருடம் சாரல் முன்னாலேயே வந்துவிட்டது. ஐந்தருவியில் நல்ல தண்ணீராம். அச்சன்புதூரில் நம் வீட்டில் தீப்பெட்டி நமத்து, அப்பளம் நமத்து, என் பெண்டாட்டி காலையிலிருந்து புலம்புகிறாள். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. கிணறு வெட்டும் வேலையை விடப்போகிறார். பாறைக்கு வேட்டு வைக்கும் கருமருந்து இருக்கிற அறையின் சாவியை நாளைக் காலையில் என்னிடம் தருகிறாராம். "ஏலே, மருந்தப் பத்திரமா வச்சுக்க. உங்க மைனி ஒரு தடவ நனைய விட்டுட்டா" என்றார். சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்களா பத்திரமில்லாதவர்? தொழுவத்துக்கு அப்பால் தனி அறை, உரசிப் பொறி கிளம்பாதபடி இரும்பாணி இல்லாத மரப்பெட்டி. பகல் வெளிச்சத்தில் மட்டும் திறப்பீர்கள். விளக்கு அந்தப் பக்கமே போகாது. பீடியோடு வந்த அண்ணனையே, "அத அணைச்சுட்டு வாங்க, இல்லன்னா சாவி கெடையாது" என்று நிறுத்தியவர் நீங்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே அணைப்பார். பதினோரு வருடம் அந்தச் சாவி உங்கள் முந்தானையில் இருந்தது.

பதினோராவது வருடச் சாரலில் ஒருநாள், வாசுதேவநல்லூர்க் கிணற்றில் மறுநாள் வேட்டு. அண்ணன் முன்னாலேயே போய்விட்டார், மருந்தை நான் கொண்டுபோக வேண்டும். நமத்துவிடுமோ என்று எனக்குப் பயம். நமத்த எதையும் அடுப்புக்கு மேலே பரணில்தானே வைப்போம்? வத்தல், அப்பளம், தீப்பெட்டி எல்லாம் அங்கேதான் இருந்தன. நீங்கள் குளிக்கப் போனபோது சாவியை எடுத்து, பெட்டியையும் அங்கேயே ஏற்றிவிட்டேன். என்ன புத்தியோ!

வந்து விறகை அடுக்கினீர்கள். தீப்பெட்டிக்காகப் பரணில் கைவிட்டபோது பெட்டி தட்டுப்பட்டது. மூடி பொருந்தாமல் மருந்து சிந்திக் கிடந்தது. நீங்கள் கத்தவில்லை. குடத்துத் தண்ணீரைப் பரண் மேலேயே ஊற்றினீர்கள், பெட்டியும் மருந்தும் சேர்ந்து நனைய. பிறகு என்னைப் பார்த்து, "கொழுந்தனாரே, நான் தீக்குச்சி கிழிச்சிருந்தா நீரும் இல்ல, நானும் இல்ல, தொட்டில்ல கெடக்க எம் பிள்ளையும் இல்ல" என்றீர்கள். அன்று முழுக்க அடுப்பு எரியவில்லை. பழைய சோறுதான்.

வேட்டு நின்றுபோனதும் அண்ணன் வந்து குதித்தார். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றோடு என் தொழில் போயிருக்கும். "நாந்தான். கை தவறி நனைச்சுட்டேன்" என்றீர்கள். அண்ணன் கையை நீட்டினார். நீங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தீர்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்த அறைப் பக்கம் போகவே இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அண்ணன் அதைச் சொல்லிக் கேலி செய்வார். நீங்களும் சிரிப்பீர்கள். மனதுக்குள் எவ்வளவு வலித்தது மதினி? நானும் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

வாசுதேவநல்லூர்க் கிணற்றில் இப்போது பம்புசெட் ஓடுகிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

நாளைக்கு அண்ணன் சாவியை நீட்டும்போது நான் கை நீட்ட மாட்டேன். "அண்ணே, மருந்த பரண்ல வச்சது நாந்தான். மைனி நனைச்சுத்தான் நம்ம எல்லாத்தையும் காப்பாத்துனாவ" என்று முதலில் சொல்லிவிடுவேன். அதற்கப்புறமும் சாவியை என்னிடம் தருவாரா, தெரியவில்லை. தராவிட்டாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம்.

இத்தனை வருடம் வாயைத் திறக்காத,
உங்கள் கொழுந்தன்