கட்டுத்தரைக்குப் போட்ட சோலார் கூரை

ஐப்பசி, செவ்வாய் இரவு

போன வருஷம் சூறைக்காற்றில் உடைந்த சோலார் பேனல்களைப் பக்கத்துக் காட்டில் சோலார் மின்சாரம் எடுக்கும் கம்பெனிக்காரர் சும்மா கொடுத்தார். என் வீட்டுக்காரர் அவற்றை மாட்டுக் கட்டுத்தரைக்குக் கூரையாகப் போட்டார். எங்கள் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் அந்தக் கூரையில் வழிந்த மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மாட்டுக்குக் காட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது.

இன்று அதே ஆள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பேனல்களைத் திரும்பக் கேட்டார்.

"உள்ள ஈயம் இருக்குதுங்க. ஒடைஞ்சதை வெறுங்கையில தொட்டுப்போடாதீங்க."

"ஏனுங்க, அதுல வடிஞ்ச தண்ணியத்தானுங்க மாடு குடிச்சுது?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க அக்கா."

என்ன மரியாதை! விஷத்தைக்கூட ஒரு 'ங்க' போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் அந்த ஆளுக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் கறந்த பாலை என்ன செய்வது என்று கேட்டேன். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத" என்று கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். திரும்பும்போது எங்கள் காப்பிக்கு மட்டும் பாக்கெட் பால் வாங்கி வந்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பாக்கெட்டில் யார் வீட்டுக் கட்டுத்தரைப் பாலோ.